கை நீண்ட நாற்காலி

1809-இல் பெங்களூரு கண்டோன்மெண்ட் அமைந்தபின் எழுந்த பங்களாக்களின் தாழ்வாரங்களில் சாய்வு நாற்காலிக்குத் தனி இடம் உண்டு. தேக்கு அல்லது ஈட்டி மரச் சட்டம், பிரம்புப் பின்னல். சிலவற்றில் கைக்கு அடியில் இன்னொரு பலகை ஒளிந்திருக்கும். திருப்பிவிட்டால் முன்னே நீளும், காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். பின்னல் கண்கள் வழியே காற்று முதுகைத் தொடும். எந்த மெத்தை சோபாவும் இதற்கு ஈடில்லை என்பேன்.

பங்களாக்கள் பல இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. பழைய நாற்காலிகளைச் சிவாஜி நகர்க் கடைகளில் தேடுகிறார்கள். வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கவிழ்த்து, மூட்டு ஆடுகிறதா, வண்டு துளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிரம்பு பிய்ந்திருந்தால் கவலை வேண்டாம், மறுபடி பின்னிக்கொள்ளலாம். தாத்தாவின் நாற்காலி மாடி மூலையில் கிடக்கிறதா? இந்த ஞாயிறே இறக்கித் துடைத்து, ஜன்னலோரம் போடுங்கள்.