கேட்டுவிட்டுப் போடுங்கள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. 'ழ' வரவில்லை, 'பளம்' என்கிறது. டீச்சர் ஆசையோடு செல்போனில் பிடித்து ரீல்ஸ் போடுகிறார். சாயங்காலத்துக்குள் தெருவே பார்த்துவிடுகிறது. மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் பெயரே 'பளம்'! டீச்சர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் மனதுக்குக் கஷ்டம்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே!

பாடத்தைக் காட்டத்தானே? கரும்பலகையைப் படம் பிடியுங்கள். நோட்டைப் பிடியுங்கள், பெயர் எழுதிய அட்டை வேண்டாம். மதிப்பெண்ணையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாமல், அந்தந்த வீட்டுக்குத் தனியே அனுப்புங்கள்.