கல்தூசியும் மார்புப் படமும்

1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஜெர்மனி நாட்டு வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அன்று முதல் மருத்துவரின் பார்வைக்குத் தோலும் தசையும் தடையாக நில்லாதொழிந்தன. ஆயினும், எலும்பின் முறிவைப் பெரும்பாலும் தெளிவாகக் காட்டிவிடும் அப்படம், நுரையீரலைப் பற்றி அவ்வளவு எளிதில் பேசுவதில்லை. காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் இருண்ட பரப்பாகத் தெரியும். அப்பரப்பில் சில வெண்புள்ளிகள் தோன்றுகின்றன என்று கொள்வோம். அவை இரத்தக் குழாய்களின் இயல்பான நிழலா, நோயின் அடையாளமா? நோயாயின், எந்த அளவினது? ஒரு மருத்துவர் ஒன்று கூற, மற்றொருவர் வேறொன்று கூறுவாராயின் நோயாளி யாரை நம்புவது? மருத்துவ உலகம் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்குச் சிலிகோசிஸ் எனப்படும் கல்தூசி நோய் ஒரு நல்ல சான்று. அதனையே இன்று நாம் எடுத்துக்கொள்வோம்.

கருங்கல், மணற்கல், குவார்ட்ஸ் முதலியவற்றில் சிலிகா என்னும் பொருள் உண்டு. இவற்றைத் துளைக்கும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசி எழுகின்றது. பருந்தூசி மூக்கிலும் மூச்சுக்குழலிலும் தங்கிவிட, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைந்த நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்றுவிடுகின்றன. அங்கே காவல் புரியும் உயிரணுக்கள் அவற்றை விழுங்கித் தாமே மடிகின்றன. அவை மடிந்த இடங்களில் கெட்டியான நார்த்திசு முடிச்சு முடிச்சாக வளர்கின்றது. படத்தில் நாம் காணும் வெண்புள்ளிகள் இம்முடிச்சுகளின் நிழலே. பெரும்பாலும் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் தூசியைச் சுவாசித்த பின்னரே அவை தோன்றும். தூசி மிகுந்த இடங்களில் விரைவிலும் தோன்றலாம். தொழிலை விட்ட பின்னும் நோய் வளரக் கூடும். இதனை அறவே நீக்கும் மருந்து இல்லை.

இது நம் நாட்டிற்குப் புதிய நோயன்று. கோலார் தங்கச் சுரங்கங்களில் 1940 முதல் 1946 வரை 7,600-க்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. 2001-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறியோர் மிகப் பலர். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பலப்பம் அறுத்தவர்களிடமும், குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கற்களைச் சாணை பிடித்தவர்களிடமும், ராஜஸ்தானத்தின் மணற்கல் குவாரிகளிலும் இதே நோய் கண்டறியப்பட்டது. தொழில்கள் வேறு, தூசி ஒன்றே.

இனி, படத்தைப் படிக்கும் முறைக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகரில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் கூட்டிய மாநாட்டில் இந்நோய் பற்றிய அறிஞர்கள் ஒன்றுகூடினர். ஒரு நாட்டுப் படத்தை மற்றொரு நாட்டுப் படத்துடன் ஒப்பிடப் பொது அளவுகோல் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அங்கே உருப்பெற்றது. அன்று வகுத்த முறை 1950, 1958, 1968, 1971, 1980, 2000 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. 2011-இல் கணிப்பொறித் திரையில் காணும் படங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

இம்முறையின் உயிர்நாடி வருணனையன்று, ஒப்பீடு. 'அதிகம்', 'சற்றே' என்னும் சொற்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின், எல்லா நாட்டினருக்கும் பொதுவான மாதிரிப் படங்கள் வகுத்து வைக்கப்பட்டுள்ளன. நோயாளியின் படத்தை மாதிரிப் படங்களின் அருகில் வைத்து, எதனோடு ஒத்திருக்கின்றது என்று பார்த்தே எழுத வேண்டும். துணி வணிகர் கைமுழத்தை விட்டு அளவுகோலை எடுத்ததைப் போன்ற மாறுதல் இது.

முதலில் படத்தின் தரம் நோக்கப்படும். மங்கிய படத்தை வைத்து நோயைக் கணிப்பது நீதியாகாது. அடுத்து, உச்சிக்கும் உதரவிதானத்தின் முகட்டிற்கும் இடைப்பட்ட உயரத்தை மூன்று சம பங்காக்கி, ஒவ்வொரு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என்று பிரிப்பர். உடற்கூற்றின்படி வலப்புற நுரையீரலுக்கு மூன்று மடல்களும் இடப்புறத்திற்கு இரண்டு மடல்களும் உண்டு. இந்த ஆறு பகுதிகள் அம்மடல்களல்ல; படத்தில் கண்டதைக் குறிக்க நாம் போட்டுக்கொண்ட எல்லைக் கோடுகளே. கல்தூசி நோய் பெரும்பாலும் மேற்பகுதிகளில் தொடங்கும். பின்பு புள்ளிகளின் அளவு: உருண்டையானவற்றுள் ஒன்றரை மில்லிமீட்டர் வரை ஒரு வகை, மூன்று வரை மற்றொன்று, பத்து வரை வேறொன்று. பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை பெரு நிழல்கள். சிறு முடிச்சுகள் ஒன்றுகூடிப் பெருந்திரளாகிவிட்ட நிலையை அவை காட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது புள்ளிகளின் செறிவு. பூஜ்யம் முதல் மூன்று வரை நான்கு வகுப்புகள். ஒவ்வொன்றிலும் மூன்று படிகளாக மொத்தம் பன்னிரண்டு படிகள். இங்கேதான் இம்முறையின் நேர்மை வெளிப்படுகின்றது. ஒரு படம் முதல் வகுப்பைச் சேர்ந்தது என்று முடிவு செய்த மருத்துவர், 'இது பூஜ்யமாகவும் இருக்கலாமோ' என்று தீவிரமாக எண்ணியிருந்தால் 1/0 என எழுத வேண்டும். பூஜ்யம் என்று முடிவு செய்து, ஒன்றோ என ஐயுற்றிருந்தால் 0/1. தயக்கமே இல்லையெனில் 1/1. முன்னெண் முடிவைச் சொல்லும். பின்னெண் ஐயத்தைச் சொல்லும். தம் ஐயத்தையும் பதிவு செய்யுமாறு கற்றவரைப் பணிக்கும் முறைகள் உலகில் மிகச் சிலவே. ஆராய்ச்சிகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாவண்ணம் தனித்தனியே படிக்க வேண்டும் என்பதும் இதே நோக்கத்துடன்தான்.

எனினும், இந்த எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அது கண்ணுக்குத் தெரிந்ததை அளக்கும். நோயின் பெயரைச் சொல்லாது. நுரையீரல் முழுவதும் பரவிய காசநோயும் இதே போன்ற நுண்புள்ளிகளைக் காட்டக் கூடும். வேறு சில நோய்களும் அவ்வாறே. கல்தூசியினால் மட்டுமே உண்டாகும் நிழல் என்று ஐயமறச் சொல்லத்தக்கது எதுவும் படத்தில் இல்லை. அப்படியாயின் வேறுபாட்டை எங்ஙனம் அறிவது? சளிப் பரிசோதனை ஒரு வழி. அதனினும் எளியதும் செலவற்றதுமான வழி, 'என்ன தொழில் செய்தீர்கள், எத்தனை ஆண்டுகள் செய்தீர்கள்?' என்று நோயாளியைக் கேட்பது. இக்கேள்வி கேட்கப்படாத இடத்தில், கல்தூசி நோயாளி காசநோயாளியாகக் கருதப்பட்டு, பயனற்ற மருந்தைத் திங்கள் கணக்கில் உண்டு, மீண்டும் அதே குவாரிக்குச் செல்கின்றார். இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. கல்தூசி உள்ள நுரையீரலைக் காசம் பல மடங்கு எளிதில் பற்றும். எல்லாம் தூசிதான் என்று வாளாவிருந்தால், தீர்க்கக் கூடிய காசம் தீர்க்கப்படாமல் வளரும்.

மற்றோர் எல்லையும் கருதத்தக்கது. இப்பாகுபாட்டை வகுத்தவர்களே, இது உழைக்கும் திறனை அளப்பதன்று என்றும், எந்தப் படியிலிருந்து நஷ்டஈடு தர வேண்டும் என்று விதிப்பதன்று என்றும் தெளிவாக எழுதி வைத்துள்ளனர். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ராஜஸ்தான அரசு 2019-இல் இத்தூசி நோய்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, மருத்துவர் குழுவின் சான்று பெற்றவர்க்கு உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தது. சான்றுக்கு அடிப்படை படம் என்னும்போது, படிப்பவரின் பேனா முனையில் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருக்கின்றது. குறைத்து எழுதினால் உரியவர் இழப்பார். கூட்டி எழுதினால் உரிமையற்றவர் பெறுவார். ஆதலின், மாதிரிப் படத்தைப் பக்கத்தில் வைக்காமல் எண்ணை எழுதுவதும், தொழில் வரலாற்றை அறியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கூறுவதும் ஒருங்கே தவறாம்.

இப்போது படங்களைப் படிக்கக் கணிப்பொறிகளும் பழக்கப்பட்டு வருகின்றன. புள்ளிகளை எண்ணுவதில் அவை அலுக்கமாட்டா, நல்ல துணையே. ஆயினும், எத்தனை ஆண்டு கல் உடைத்தார் என்பது படத்தில் பதிவாவதில்லை. அது தொழிலாளியின் வாயில் இருக்கின்றது.

ஆகவே, மார்புப் படம் எடுக்கச் செல்லும் நேயர்கள் தம் தொழிலையும், முன்பு செய்து விட்ட தொழிலையும், யாரும் கேளாவிடினும் தாமே கூறுவாராக. படம் கேட்டு அனுப்பும் மருத்துவர் அந்தச் சீட்டில் தொழில் என்னும் இடத்தை வெறுமையாக விடாதிருப்பாராக. தொழில் நடத்துவோர், கல்லில் நீர் தெளித்துத் தூசியை எழாமலே அடக்குவாராக. ஏனெனில் படத்தில் தெரியும்போது காலம் கடந்துவிட்டது. நோயை அளக்க நமக்கு நல்ல கோல் ஒன்று கிடைத்துள்ளது. அளக்க வேண்டிய தேவையே இல்லாத நுரையீரல்களை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது நம் கையில் உள்ளது.