கிருஷ்ணனின் குறிப்பேடும் நம் தெருவோர மரங்களும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு செய்தித்தாள் பத்தி. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' என்னும் ஆங்கில நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1996 வரை, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, 'கன்ட்ரி நோட்புக்' என்ற தலைப்பில் அது வெளிவந்தது. நாட்டுப்புறக் குறிப்பேடு என்று அதனைத் தமிழில் சொல்லலாம். நாற்பத்தாறு ஆண்டுகளும் அதனை எழுதியவர் ஒருவரே. அவர் ஒரு தமிழர், மா. கிருஷ்ணன் என்பது அவர் பெயர். 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய இறுதிக் கட்டுரையும் அதே நாளில்தான் அச்சாகி வந்தது.

இங்கிலாந்தில் 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழ் தொடங்கிய நாட்டுப்புற நாட்குறிப்பு இன்றும் தொடர்கிறது. ஆனால் அதனைப் பலர் முறைவைத்து எழுதுகின்றனர். தனியொருவர் அரை நூற்றாண்டுக்கு அணித்தாக ஒரு பத்தியை விடாது எழுதியது அரிய செயல்.

கிருஷ்ணனின் தந்தையார் 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையா. 1925 அக்டோபரில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில் பேசி முடித்த சற்று நேரத்திற்குள், அந்த அவையிலேயே மாதவையா உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. பின்னர் அவர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். சந்தூர் சமஸ்தானத்தில் பள்ளி ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பணியாற்றினார். அதன்பின் எழுத்தையும் நிழற்படத்தையுமே வாழ்வாகக் கொண்டார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவருடைய குறிப்பேட்டில் யானையும் புலியும் உண்டு. ஆயினும் காகம், அணில், மைனா, கீரி என்று வீட்டைச் சுற்றி வாழும் உயிர்களுக்கும் அவர் அதே மதிப்பைத் தந்தார். 1961இல் வெளிவந்த அவருடைய ஒரு நூலின் பெயரே 'காடும் கொல்லைப்புறமும்' என்று பொருள்படும். இயற்கையைக் காணக் காட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. கண் இருந்தால் கொல்லைப்புறமே போதும் என்பது அவர் எழுத்து கற்பிக்கும் பாடம்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். தமிழுக்காக வாதாடியபடியே மறைந்தவரின் மகனுக்கு அத்தனை நீண்ட களம் அமைந்தது ஓர் ஆங்கில இதழில். அவர் தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்திற்குக் கட்டுரைகள் தந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தார். ஆனால் ஆங்கிலத்தில் அவர் எழுதிக் குவித்ததோடு ஒப்பிட்டால் அது சிறிது. திறமை நம்மிடம் இருந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் இடம் கொடுத்த தமிழ் இதழ்தான் இல்லை.

இதனால் மொழிக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். ஆசிரியர்களே, நம் மாணவர் கட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். "மரத்தில் ஓர் அழகிய பறவை அமர்ந்திருந்தது." என்ன மரம்? என்ன பறவை? குழந்தை அதனை நாள்தோறும் காண்கிறது. பெயர் மட்டும் அறியாது. சிலவேளை மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர் தெரியும். தமிழில் எழுதும்போது அது வெறும் 'பறவை' ஆகிவிடுகிறது. விலங்குகளின் இளமைக்கு மட்டும் ஒன்பது பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது. அந்த மொழியின் மாணவர்க்கு இன்று 'குட்டி' என்ற ஒன்றே எஞ்சியிருக்கிறது.

பெயர் என்பது கூர்ந்து பார்த்த ஒருவர் விட்டுச்சென்ற குறிப்பு. நம் சாலையோரத்தில் குடைபோல் விரிந்து நிற்கும் மரத்தைப் பாருங்கள். மாலையில் அதன் இலைகள் மடிவதைக் கண்ட தமிழர் அதனைத் 'தூங்குமூஞ்சி மரம்' என்றனர். அதே காட்சியைக் கண்ட மலாய்க்காரர் 'புக்குல் லிமா', அதாவது ஐந்து மணி மரம் என்றனர். இரு மொழிகளும் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றன.

இன்னொன்று அங்சானா. அதன் மஞ்சள் மலர்கள் ஒரே நாளில் பூத்து உதிர்ந்து தெருவையே மறைத்துவிடும். அது தமிழகத்து வேங்கையின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பாறைமேல் உதிர்ந்த வேங்கைப் பூக்கள் புலிபோல் தோன்றும் என்னும் சங்கப் புலவர்களின் கற்பனையை வகுப்பில் விளக்குகிறோம். அந்த வேங்கையின் உறவு பள்ளி வாயிலிலேயே பூத்து உதிர்கிறது என்பதைச் சொல்லுகிறோமா?

இங்கு வாழும் எல்லாவற்றுக்கும் தமிழகத்துப் பெயரைச் சூட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. டுரியானும் ரம்புத்தானும் மலாயிலிருந்து வந்து நம் தமிழில் இயல்பாகக் கலந்துவிட்டன. நாம் வாழும் தீவின் பெயரே பாக்கு மரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்தான். தமிழ்ப்பெயர் இருந்தால் அதனை வழங்குவோம். இல்லையெனில் மலாய்ப் பெயரைத் தமிழெழுத்தில் எழுதுவோம். பெயரின்றி விடுவதுதான் தவறு.

இந்நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1950களில் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்றம் ஓர் எழுத்தாளர் தலைமுறையையே வளர்த்தது. பெரிய முதலீடு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. தவறாமல் கிடைத்த ஓர் இடமும், அனுப்பினால் அச்சாகும் என்ற நம்பிக்கையும் போதுமானவையாக இருந்தன.

ஆதலின் என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு பள்ளியின் சுவரிதழிலும் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பத்து வரி ஒதுக்குங்கள். மாணவர் தாம் கண்ட ஓர் உயிரைப் பற்றி, நாளும் இடமும் பெயரும் குறித்து எழுதட்டும். தாவரவியல் பூங்காவுக்குச் செல்லும் மாணவர், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்கைக் காணலாம். அதன் குட்டி மட்டும் செம்பொன் நிறத்தில் தாயின் மார்பைப் பற்றியிருக்கும். அதனைக் கண்டு எழுதும் குழந்தைக்கு 'அழகிய' என்ற அடைமொழி தேவைப்படாது.

கிருஷ்ணன் நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். நாம் இவ்வாண்டை மட்டும் தவறாமல் எழுதி முடிப்போம். அடுத்த ஆண்டை மாணவர்களே கேட்டுப் பெறுவார்கள்.