இசைக்கும் ஓர் அறை வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பொறியாளன் என்பதால் தொழிலைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று சிலர் எதிர்பார்க்கலாம். மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது ஒரு மிருதங்கத்தைப் பற்றி.

முதல் வருஷம் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த அறையில் ஒரு நண்பன் வந்து சேர்ந்தான். பெட்டி ஒன்று, பக்கெட் ஒன்று, துணி உறை போட்ட மிருதங்கம் ஒன்று. பெயரைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், அதனால் 'நண்பன்' என்றே வைத்துக்கொள்வோம். அப்பா பஸ் கண்டக்டர். பன்னிரண்டு வயசிலேயே மத்திய அரசின் கலாசார உதவித்தொகை வாங்கியவன். அந்தத் திட்டம் 1982-இல் தொடங்கியது. கலாசார வள மற்றும் பயிற்சி மையம் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. பத்து முதல் பதினான்கு வயதுக்குள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, குருவிடம் தொடர்ந்து கற்பதற்கு உதவுகிறார்கள். நல்ல திட்டம். அது இல்லாவிட்டால் அந்தக் கண்டக்டர் வீட்டுப் பையன் குருவின் வாசற்படியே ஏறியிருக்க மாட்டான்.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில், வாசிப்பதற்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் அந்த 'தொம்' வரும். நண்பன் சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போய், "அண்ணே, ஒரு கை ரவை" என்பான். "என்ன தம்பி, ரூம்ல உப்புமா கிண்டுறியா?" என்று மாஸ்டர் கேட்பார். இந்த ஹாஸ்யம் ஒரு செமஸ்டர் ஓடியது.

அடுத்த செமஸ்டரில் ஹாஸ்யம் நின்றது. பரீட்சை நேரம். அவன் தினமும் இரண்டு மணி நேரம் சாதகம் பண்ணுவான். எங்கள் சுவரோ ஒற்றைச் செங்கல் சுவர். கட்டுமானத் துறைப் பேராசிரியர் இங்கே இருக்கிறார், அவரே சொல்லட்டும், அதில் எவ்வளவு சத்தம் நிற்கும் என்று! படிக்க முடியவில்லை என்று வார்டனுக்கு ஒரு மனு போனது. அதை எழுதியவன் நான். அறை அறையாகப் போய்க் கையெழுத்து வாங்கியவனும் நான்தான்.

வார்டன் நியாயமான மனுஷர். இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். படிக்க வேண்டியவன் சொல்வதும் சரி, வாசிக்க வேண்டியவன் சொல்வதும் சரி. ஆனால் அவர் கையில் வேறு அறை எதுவும் கிடையாது. அடுத்த லீவில் மிருதங்கம் ஊருக்குப் போனது. குரு ஊரில், அவன் இங்கே. பயிற்சி தொடர்ந்தால்தான் உதவித்தொகையும் தொடரும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. யாரும் அவனிடம் வாசிக்காதே என்று சொல்லவில்லை. வாசிக்க இடம் இல்லை, அவ்வளவுதான். இன்று நல்ல கம்பெனியில், நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஆனால் வாசிப்பதில்லை.

படிப்பும் சங்கீதமும் ஒன்றாகப் போகாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. வயலின் மேதை எல். சுப்பிரமணியம் எம்.பி.பி.எஸ். படித்தவர். மிருதங்க மேதை உமையாள்புரம் சிவராமன் சட்டம் படித்தவர். பாடகி எஸ். சௌம்யா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்தவர். அப்படிப் போக முடியும். ஆனால் வீட்டிலேயே சங்கீதம் இருந்தால், அல்லது வீட்டுக்குப் பக்கத்திலேயே குரு இருந்தால் சுலபம். ஹாஸ்டல் பையனுக்கு? அவன் வீடு, வாசல், குரு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தானே வருகிறான்? அந்த இடத்தில்தான் கல்லூரி கை கொடுக்க வேண்டும்.

வேறு ஊர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் பழைய கல்லூரிகளுக்குள்ளேயே ஆலயம் உண்டு. அங்கே ஆர்கன் வாசிப்பதற்கு ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து 'ஆர்கன் ஸ்காலர்' என்று வைத்துக்கொள்வார்கள். எட்வர்ட் ஹீத் என்று பிரிட்டனில் ஒரு பிரதமர் இருந்தார், 1970 முதல் 1974 வரை. தச்சுத் தொழிலாளியின் மகன். 1935-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த முதல் பருவத்திலேயே அவருக்கு ஆர்கன் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அவர் படித்தது சங்கீதம் இல்லை. தத்துவம், அரசியல், பொருளாதாரம்! 1971-இல், பிரதமராக இருந்தபோதே, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை மேடையில் நின்று நடத்தியிருக்கிறார்.

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியை 1441-இல் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவினார். அதன் பாடகர் குழுவில் பதினாறு சிறுவர்களோடு, கல்லூரி மாணவர்கள் பதினான்கு பேர் பாடுகிறார்கள். அந்த மாணவர்களுக்குக் 'கோரல் ஸ்காலர்' என்று பெயர். இவர்களும் எல்லோரும் சங்கீத மாணவர்கள் இல்லை, பல துறைகளிலும் படிப்பவர்கள். பருவ நாட்களில் அநேகமாகத் தினமும் ஒத்திகை, சாயங்கால வழிபாடு. இப்படிப் பாடிய ஆறு பேர் சேர்ந்து 1968-இல் தொடங்கியதுதான் 'கிங்ஸ் சிங்கர்ஸ்' குழு. ஆட்கள் மாறி மாறி இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

இதில் நான் கவனித்தது ஒன்று. அங்கே ஸ்காலர்ஷிப் என்பது மெடல் மாதிரி மேடையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம் இல்லை. அது ஒரு ஒப்பந்தம். வாசிக்க வாத்தியம், இடம், நேரம், சொல்லித்தர ஆள் எல்லாம் கல்லூரி தருகிறது. பதிலுக்கு மாணவர் கல்லூரிக்காக வாசிக்கிறார். ரொக்கம் கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பையன் தினமும் வாசித்தே ஆக வேண்டும், அதற்கு இடமும் உண்டு.

நம் பக்கம் என்ன நடக்கிறது? பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் தரும் திட்டம் ஒன்று உண்டு. தம்பி தங்கைகள் விசாரித்து விண்ணப்பியுங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2024-25-இல் விளையாட்டு வீரர்களுக்கென்று தனிச் சேர்க்கை கொண்டுவந்தது. 2025-26 முதல் நுண்கலை, கலாசாரத்தில் சிறந்தவர்களுக்கும் அதே மாதிரி கொண்டுவந்திருக்கிறது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். அதில் சலுகை இல்லை.

நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் நம் கதையில் அட்மிஷன் ஒரு பிரச்சினையே இல்லையே? என் நண்பனுக்கு சீட் கிடைத்தது. மார்க்கில் கிடைத்தது. உள்ளே வந்த பிறகுதான் மிருதங்கம் வெளியே போனது. ஆகவே நாம் யோசிக்க வேண்டியது உள்ளே வந்த பிள்ளையைப் பற்றி.

போன மாசம் அவனுக்கு போன் பண்ணினேன். "டேய், நம்ம சங்கத்துல மியூசிக் ஸ்காலர்ஷிப் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அன்னைக்கு உனக்குக் கிடைச்சிருந்தா எவ்வளவு பணம் கேட்டிருப்பே?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னான்: "பணம் எதுக்குடா? ஒரு ரூம் சாவி கொடுத்திருந்தா போதும்." அந்த மனுவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன். பேச இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் என் யோசனையை வைக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு மாணவர்கள். ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய், கல்லூரி நடக்கும் பத்து மாதத்துக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து 60,000. குரு வந்துபோகும் செலவு, மூட்டு மாற்ற, தந்தி மாற்ற என்று இன்னொரு 40,000. ஆக ஒரு லட்சம். நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் முடிந்தது. இன்று இந்த அரங்கில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம்.

பணத்தைவிட முக்கியம் அறை. பழைய ஒர்க்ஷாப் கட்டிடத்தில் பூட்டியே கிடக்கும் ஸ்டோர் ரூமை முதல்வர் அவர்கள் மனம் வைத்தால் தரலாம். சத்தம் வெளியே வராமல் செய்வது நம் வேலை. முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே போகும் சத்தத்தை நிறுத்தாது. சத்தத்தை நிறுத்துவது எடை. கனமான சுவர், கனமான கதவு, இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை. நம் மாணவர்களே இதை ஒரு புராஜெக்டாகச் செய்யலாம்.

தேர்வு எப்படி என்று கேட்பீர்கள். சர்டிபிகேட் கட்டைப் பார்த்துத் தேர்வு செய்யக் கூடாது. நேரில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்க வேண்டும். கர்நாடக சங்கீதத்துக்குப் பரீட்சை உண்டு, ரேடியோவில் கிரேடு உண்டு. ஊர்க் குழுவில் பறை அடித்து வளர்ந்த பிள்ளைக்கு என்ன சர்டிபிகேட் இருக்கும்? சர்ச்சில் பாடி வளர்ந்த பெண்ணுக்கு? நாதஸ்வரம், தவில், கிடார், கீபோர்டு எல்லாம் வரட்டும். அட்டெண்டன்ஸிலோ மார்க்கிலோ சலுகை வேண்டாம். கொடுத்தால் மற்ற பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், வாங்குகிறவருக்கும் மதிப்பு இருக்காது. பதிலுக்கு அவர்கள் பட்டமளிப்பு விழாவில் வாசிக்கட்டும். மாதம் ஒரு சாயங்காலம் ஹாஸ்டல் முற்றத்தில் வாசிக்கட்டும். ஆசைப்படுகிற ஜூனியருக்குச் சொல்லித்தரட்டும்.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அடுத்த அறையில் யாராவது வாசித்தால், பரீட்சை நேரத்தில் கோபம் வரும். வரட்டும், தப்பில்லை. மனு எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். ஆனால் 'வாசிப்பதை நிறுத்துங்கள்' என்று எழுதாதீர்கள். 'வாசிக்க ஓர் அறை கொடுங்கள்' என்று எழுதுங்கள். அன்று எனக்கு அது தோன்றவில்லை. அந்த மனுவைத்தான் இன்று தாமதமாகச் சங்கத்திடம் கொடுக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது, முதல் ஆயிரம் ரூபாயும் என்னுடையது. இரண்டாவது கையெழுத்து என் நண்பனுடையது. மண்டபத்தில்தான் இருக்கிறான், எங்கே என்று சொல்ல மாட்டேன்.

மிச்சக் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும். காகிதம் வாசலில், சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் மேஜையில் இருக்கிறது.