எதிர்க்கரை அயல்நாடு

அதியமானின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு தருகிறது. படைக்கொட்டிலைப் புகழ்வது போலப் பழித்த அந்தச் சாதுரியத்தைத் தமிழ் வகுப்புகள் பலகாலும் வியந்திருக்கின்றன. அதன் அடியில் கிடக்கும் வினாவை அவை எழுப்பியது குறைவு. இருவருக்கும் மேலாகப் பொது வேந்தன் ஒருவன் இல்லாதபோது, ஒருவன் சொல்லை மற்றவன் எதற்காக மதிக்க வேண்டும்? பன்னாட்டுச் சட்டம் என இன்று வழங்கும் துறை முழுவதும் இந்த வினாவின்மேல் நிற்பதுதான். வடக்கே தகடூரும் நடுவே கொல்லியும் உயர்ந்து நிற்கும் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது அந்நியமான பேச்சும் அன்று.

ஏனெனில் இச்சமவெளியே ஓர் உடன்படிக்கையினால் கைமாறிய நிலம். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில், சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கையொப்பமிட்டார். நாட்டில் பாதி போயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டமாயிற்று. தொகை தீரும்வரை மைந்தர் இருவர் பிணையாகக் காரன்வாலிஸின் கையில் ஒப்படைக்கப்பட்டனர். பாராமகாலும் சேலமும் கும்பினிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ இருந்தார். உழுதவனை யாரும் கேட்கவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர்ச் சீமையோ 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஆகவே ஏழாண்டுக் காலம் பள்ளிபாளையத்தார்க்கு எதிர்க்கரையிலிருந்த ஈரோடு அயல்நாடு. பரிசல் ஏறியவர் ஓர் அரசைவிட்டு இன்னோர் அரசுக்குப் போனார்.

அந்த 1792ஆம் ஆண்டுத் தாள் பன்னாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சட்டநூலார் பெரும்பாலோர் இல்லை என்றனர். நாகரிக நாடுகளின் குடும்பம் என்று ஒன்றை வகுத்துக்கொண்டு, ஆசிய அரசுகளை வாயிற்படிக்கு வெளியே நிறுத்தினர். இந்தக் கொள்கை நூலோடு நின்றதுமில்லை. 1891 ஆகஸ்டில் இந்திய அரசிதழில் வந்த அறிவிப்பு, பேரரசுக்கும் சுதேச சமஸ்தானங்களுக்கும் இடையிலான உறவில் பன்னாட்டுச் சட்டக் கோட்பாடுகளுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே கூறிற்று.

இதை மறுத்து எழுந்த குரல்களுள் முதன்மையான ஒன்று சென்னையிலிருந்து எழுந்தது என்பது தமிழறிஞர் பலருக்கும் புதுச்செய்தியாகலாம். சார்லஸ் அலெக்சாந்தரோவிச் லுவோவ் நகரில் 1902இல் பிறந்தவர். 1951 முதல் பத்தாண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தார். பன்னாட்டு விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு மலரை 1952இல் தொடங்கியவரும் அவரே. கீழைநாட்டு மன்னரும் ஐரோப்பியக் கும்பினிகளும் செய்த உடன்படிக்கைகளை அவர் வரிவரியாகப் படித்தார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்த மன்னரைச் சமநிலை அரசராகவே கருதிக் கையொப்பமிட்டனர் என்பதும், வாயிலை அடைத்தது பின்னாளைய நூலார் என்பதும் அவர் கண்ட முடிபு. 1967இல் வெளிவந்த அவரது பெருநூல் இதனை விரித்துரைக்கிறது. இதனோடு ஒத்த குரல் ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்திலும் கேட்டது. போர்த்துகலும் இந்தியாவும் வழக்காடிய வழியுரிமை வழக்கில், மராத்தியரோடு 1779இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் செல்லுபடியைப் பிற்கால வழக்கங்களைக் கொண்டு எடைபோடலாகாது என அம்மன்றம் 1960இல் கூறியது.

அலெக்சாந்தரோவிச் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தார். டேவிட் ஆர்மிட்டேஜும் ஜெனிபர் பிட்ஸும் அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட பிறகே இன்றைய ஆய்வாளர் அவரை மீண்டும் கையிலெடுத்தனர். அதற்கு முன்னரே இலங்கையில் வேர்கொண்ட அந்தோனி ஆங்கி, இந்தியரான பி. எஸ். சிம்னி முதலியோர் மூன்றாம் உலகப் பார்வை என்னும் ஆய்வுநெறியை வளர்த்திருந்தனர். இறைமை என்னும் கருத்தே காலனி ஆதிக்கத்தோடு சேர்ந்து உருவானது என்பது ஆங்கியின் வாதம். கத்தி முனையில் வாங்கிய கையொப்பத்தைச் சம்மதம் என்று சொல்லலாமா என்பது அதிலிருந்து எழும் கேள்வி. பிணைப்பிள்ளைகளை நினைத்தால் 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு அது தப்பாமல் பொருந்தும்.

பொருந்துவது அதனோடு முடிந்தால் நன்று. முடியவில்லை. அரசிதழ் அறிவிப்பு வந்த மறு ஆண்டே, 1892இல், சென்னையும் மைசூரும் ஆற்றுநீர் பற்றி ஒப்பந்தம் செய்தன. 1914இல் கிரிஃபின் அளித்த நடுவர் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாயிருந்தது. சென்னை இலண்டன் வரை முறையிட்டு அதனை மறுபடி திறக்க வைத்தது. நீண்ட பேரத்தின் முடிவில் 1924 ஒப்பந்தம் பிறந்தது. அங்கே கிருஷ்ணராஜசாகரம், இங்கே 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை. இந்த ஒப்பந்தங்கள் மேலாதிக்க அரசின் நிழலில் சமஸ்தானத்தின்மேல் சுமத்தப்பட்டவை என்பதே பின்னாளில் கர்நாடகத்தின் வாதம். காலனிய உடன்படிக்கைகளைத் தோலுரிக்கும் புதிய ஆய்வு மேட்டூர் மதகுக்கு வந்ததும் இப்படி மறுபக்கம் திரும்பி நிற்கிறது. முற்போக்கான கோட்பாடு என்று கண்டவுடன் கைதட்டும் பழக்கம் இலக்கிய வட்டங்களில் உண்டு. அந்தக் கைதட்டலைச் சற்றுத் தாமதிக்கச் செய்யும் இடம் இது.

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வழங்கிய தீர்ப்பு இந்த வாதத்தை ஏற்கவில்லை. அவை அரசியல் உடன்படிக்கைகள் அல்ல, இருபுறத்து மக்களின் நலன் பற்றியவை. மனச்சான்றுக்கு ஒவ்வாதவையும் அல்ல என்றது. ஆயினும் 1924 ஒப்பந்தம் ஐம்பதாண்டு முடிந்து 1974இல் காலாவதியானதாகவும் கண்டது. அதன்பின் கையிலிருந்த அளவுகோல் நேர்மையான பங்கீடு. நாடுகளுக்கிடையே ஓடும் ஆறுகளுக்கென வகுத்த 1966ஆம் ஆண்டு ஹெல்சிங்கி விதிகள் முதலியவற்றின் துணையை மன்றம் நாடியது. நடுவர் மன்றம் தமிழகத்துக்கு அளித்திருந்த 419 டி.எம்.சி., 404.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75 கர்நாடகத்துக்குச் சென்றது. நிலத்தடி நீரில் ஒரு பகுதியைத் தமிழகத்தின் கணக்கில் சேர்த்ததும் அதற்கொரு காரணம்.

ஆற்றுக்கு நேர்ந்தது குடும்பச் சொத்துக்கும் நேர்ந்ததுண்டு. அது பன்னாட்டுத் தனியார் சட்டத்தின் துறை. பெங்களூரில் 1942இல் மறைந்த ஒருவரின் சொத்துகள் மைசூரிலும் சென்னை மாகாணத்திலும் கிடந்தன. மைசூர் நீதிமன்றம் கூறிய தீர்ப்பு சென்னையைக் கட்டுமா? அது அயல்நாட்டுத் தீர்ப்பே என்று கொண்டு, அசையும் பொருளுக்குக் கட்டும், எல்லைக்கு வெளியேயுள்ள நிலத்துக்கும் வீட்டுக்கும் கட்டாது என உச்ச நீதிமன்றம் 1962இல் முடிவு கூறியது. மைசூர் இந்தியாவோடு இணைந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், அந்த வழக்கில் அது அயல்நாடாகவே நின்றது.

இன்று அயல்நாடு இன்னும் அருகில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் பரிமாற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. திருச்செங்கோட்டிலிருந்து துபாய் சென்று கடன்பட்டவர்மீது அங்கே பெற்ற பணத்தீர்ப்பை நாமக்கல் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கோரலாம். மணவிலக்கு அவ்வாறன்று. மணம் நடந்த சட்டம் ஏற்கும் காரணமும், எதிர்த்தரப்பு முறையாகப் பங்கேற்றதும் வேண்டுமென்று 1991இல் வரையறுக்கப்பட்டது. கடல்கடந்த கணவன் தனியே வாங்கிவரும் தாளுக்கு அஞ்சவேண்டாத நிலை ஊரிலிருக்கும் மனைவிக்கு அதனால் கிட்டியது. வி. சி. கோவிந்தராஜ் 2011இல் வெளியிட்ட நூல், நிலப்பகுதிகளுக்கிடையிலான முரணையும் சமயவழித் தனிச்சட்டங்களுக்கிடையிலான முரணையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. மேலைநாட்டுப் பாடநூல்களில் இரண்டாவது அரிதாகவே காணப்படும்.

தமிழ் கற்றோர்க்கு இதிலெல்லாம் என்ன வேலை என்னும் ஐயத்துக்கு விடை டான்யூப் ஆற்றங்கரையில் உள்ளது. அங்கே அணைத்திட்டம் பற்றி ஹங்கேரியும் சுலோவாக்கியாவும் தொடுத்த வழக்கில், 1997இல், உலக நீதிமன்றத்தின் இலங்கை நீதிபதி வீரமந்திரி தனிக் கருத்துரை எழுதினார். வளர்ச்சியையும் இயற்கைக் காப்பையும் இணைக்கும் நெறி புதிதன்று என்பதற்கு அவர் சான்று காட்டியவற்றுள் பழைய இலங்கையின் குளங்களும் கால்வாய்களும் அடங்கும். ஓர் ஏரிக்கரை வரலாறு ஐரோப்பிய ஆற்று வழக்கில் சட்டச் சான்றாயிற்று. உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் ஏரிவாரியமும், தமிழகமெங்கும் கல்லில் வெட்டியிருக்கும் நீர்ப்பங்கு ஏற்பாடுகளும் அத்தகைய சான்றுகளே. அவற்றை வழக்கறிஞர் எடுத்தாளக்கூடிய வகையில் பதிப்பித்துப் பொருள் விளக்கிக் கொடுக்க வேண்டியவர் எழுத்தறிந்த தமிழரே. காவிரிப் பங்கீட்டை உச்ச நீதிமன்றம் பதினைந்து ஆண்டுகளுக்கு மாற்றமின்றி நிறுத்தியிருக்கிறது. அந்தக் கெடு 2033இல் முடிகிறது.