கட்டுனதை அவுக்கலாம்னு நெனச்ச பொம்பளைங்க



டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி. நடுவுல தப்பு நடந்தா 'அந்தம்மா சரியாப் புரிஞ்சுக்கல'ன்னு முடிச்சிடுறாங்க. புரிய வைக்க வேண்டியது யாரு? அதைப் பேசத்தான் ஒரு அமெரிக்க வழக்கை எடுத்துக்கிட்டேன்.

1970களின் தொடக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பொது மருத்துவமனை. பிரசவத்துக்கு வந்த மெக்சிக வம்சாவளிப் பெண்கள்; ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த ஏழைகள் பலர். இடுப்புவலியில் துடிக்கும்போது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இங்கிலீஷ் தாள். நிரந்தரக் கருத்தடைக்குச் சம்மதம் என்பது அதன் சாரம். வாய்ப்பேச்சில் 'குழாயைக் கட்டுறோம்' என்றார்கள். கட்டுனதை அப்புறம் அவுக்கலாம்தானே? அப்படித்தான் சிலர் நம்பினார்கள். தனக்கு என்ன செய்யப்பட்டதென்பதே சிலருக்கு வக்கீல் வீடு தேடி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட் என்ற இளம் டாக்டர் உள்ளேயிருந்தே ஆதாரம் திரட்டிக் கொடுத்தார். பத்துப் பெண்கள் வழக்காடினார்கள். 1978இல் தோற்றார்கள். இது வெறும் தகவல் தொடர்புக் கோளாறு என்றார் நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ். இந்தப் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு எவ்வளவு பெரிய விசயம் என்று மானிடவியலாளர் வேலஸ்-இபான்யெஸ் சாட்சி சொல்லியிருந்தார். நீதிபதி அதையே திருப்பிப் போட்டார்: இவ்வளவு வேதனை அவர்கள் பண்பாட்டால் வந்தது, அது டாக்டருக்கு எப்படித் தெரியும் என்று!

சூட்சுமத்தைப் பாருங்க. பண்பாடு நோயாளிக்கு மட்டும்தான் இருக்காம். ஏழை நெறையப் பெத்தா நாட்டுக்குப் பாரம்னு நெனக்கிறது யாரோட பண்பாடு?

போராட்டத்தால் ஸ்பானிஷ் படிவம் வந்தது, கையெழுத்துக்கும் அறுவைக்கும் நடுவே காத்திருப்பு நாட்கள் வந்தன. மாவட்ட நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2018இல்தான்.

நம்மூர்ல டாக்டரும் தமிழ், நோயாளியும் தமிழ். ஆனா கையில கொடுக்கிற சீட்டு இங்கிலீஷ். 'முழுகாம இருக்கேன்'னு சேரிப் பொண்ணு சொன்னா, பட்டணத்துல படிச்ச சின்ன டாக்டர் முழிக்கிறாரு, நர்சம்மா சிரிக்கிறாங்க. அடுத்த தடவை அந்தப் பொண்ணு வாயே தொறக்காது. வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பமா இருந்தா, எட்டு வயசுப் புள்ளைதான் ஆத்தாளோட உதிரப்போக்கை மொழிபெயர்க்குது. அந்தப் புள்ளைகிட்ட எந்தத் தாய் எல்லாத்தையும் சொல்லுவா?

நாம கேக்குறது பெரிசில்லை. படிவத்தைப் பேச்சுத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணும். வெளிமாநிலத்தாருக்குச் சம்பளம் வாங்குற மொழிபெயர்ப்பாளர் வேணும். 'என்ன செய்யப் போறாங்கன்னு நீங்க சொல்லுங்கம்மா'ன்னு கேட்டு, அந்தம்மா தன் வாயால சொன்ன பிறகு மையைத் தொடட்டும்.