ஊர்தோறும் பேசுவோரின் குரலைப் பதிவு செய்தல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழா நிதியில் ஒரு பகுதியை ஒலி, ஒளிப்பதிவுக் கருவிகளுக்கென ஒதுக்குவதாகச் செயற்குழு முடிவு செய்துள்ளது. எவற்றை வாங்குவது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். நான் பொறியாளன் அல்லன். வரலாறு பயின்று, கரும்பலகையோடு காலம் கழித்தவன். ஆயினும் இப்பொருளில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் ஆண்டு. நான் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்கள். செங்கம், போளூர்ப் பக்கங்களில் ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்படி மன்றாடி வந்த முதியவர் ஒருவர் நம் தெருவில் பேசினார். நண்பரிடம் டேப் ரிக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மின்சாரம் எடுக்க வசதியாக இருந்தது என்பதற்காக, மைக்செட்காரரின் ஆம்பிளிஃபையருக்குப் பக்கத்திலேயே அதனை வைத்தேன். அறுபது நிமிட ஒலிநாடா. அரை மணியில் திருப்பிப் போட வேண்டும். பேச்சில் ஆழ்ந்து அதையும் மறந்தேன். வீட்டிற்கு வந்து கேட்டபோது, இரைச்சலும் குழாய் ஒலிபெருக்கியின் எதிரொலியும் நாய் குரைப்பும் தெளிவாக இருந்தன; அவர் பேச்சு மட்டும் இல்லை. மறு ஆண்டு மழைக்காலத்தில் அவர் மறைந்தார். கையெழுத்துப் போட மட்டுமே கற்றவராதலால் எழுத்தென்று எதனையும் விட்டுச் செல்லவில்லை. அந்த ஒலிநாடா இன்றும் என் அலமாரியில் உள்ளது.

நம் முன்னோர்களை எண்ணிப் பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914இல் மறையும் வரை இதழ் நடத்தினார். ஆகவே அவர் கருத்து நமக்குக் கிடைத்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். தம் வாழ்க்கைச் சுருக்கத்தையும் எழுதி வைத்தார். அண்ணல் அம்பேத்கர் 1944 செப்டம்பரில் சென்னைக்கு வந்து பல கூட்டங்களில் உரையாற்றினார். அவ்வுரைகளை நாம் அச்சில் படிக்கிறோம். இவை அனைத்தும் எழுத்தால் பிழைத்தவை. அண்ணலின் குரலைக் கேட்க விரும்பினால், 1955இல் பி.பி.சி. வானொலிக்கு அளித்த நேர்காணல் போன்ற சிலவே நமக்கு உள்ளன. அதனை நான் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் பாதிக்குமேல் விளங்காத பிள்ளைகள்கூட, அந்தக் குரலின் உறுதியைக் கேட்டு அசையாமல் அமர்ந்திருந்தார்கள்.

தந்தை பெரியார் தமது கடைசிச் சொற்பொழிவைச் சென்னைத் தியாகராய நகரில் 1973 டிசம்பர் 19ஆம் நாள் ஆற்றினார். ஐந்தாம் நாள் மறைந்தார். ஒலிநாடாவில் அப்பேச்சு காக்கப்பட்டுள்ளது. உடல் வலி தாளாது இடையிடையே அவர் முனகுவதும், மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் அதில் கேட்கின்றன. அச்சிட்ட நூலில் அந்த முனகல் எங்கே வரும்? நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியாரின் சொற்பொழிவுகளோ, அவர் 1993இல் மறைந்த பின்னரும் தேநீர்க் கடைகளில் ஒலித்துக்கொண்டிருந்தன. அவர் பேசிய இடங்களில் ஒலிநாடா சுழன்றது. நம் தெருவில் பேசியவர்களுக்கு அது வாய்க்கவில்லை. வாய்த்த ஒரு நாளிலும் என்னைப் போன்றவன் கெடுத்துவிட்டான்.

இப்போது செய்தி என்னவெனில், எண்பதைக் கடந்த நம் பேச்சாளர் ஒருவர் தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பகுதிகளில் பத்து ஊர்களில் பேச இசைந்துள்ளார். குறிப்புத் தாள் வைத்துக்கொண்டு பேசுபவர் அல்லர். ஊருக்கு ஊர் பேச்சு மாறும். உடன் செல்லும் இளைஞர் இருவரும் பேருந்தில்தான் போக வேண்டும். ஆகவே, நாம் வாங்குவது இரண்டு தோள்பைகளில் அடங்க வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்திலும் இயங்க வேண்டும்.

பெரிய கேமரா வாங்க வேண்டும் என்று இளைஞர்கள் பலர் விரும்புவதை அறிவேன். அவர்கள் வருந்த வேண்டாம். என் கருத்து வேறு. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தால் மக்கள் இறுதிவரை கேட்பார்கள். படம் பளபளப்பாக இருந்து பேச்சு விளங்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போவார்கள். ஆதலால் நிதியில் பெரும்பகுதி ஒலிக்கே செல்லட்டும்.

ஒலியிலும் முதன்மையானது ஒலிவாங்கி இருக்குமிடம். வாயிலிருந்து தொலைவு இருமடங்கானால் வந்துசேரும் ஒலியழுத்தம் பாதியாகிவிடும். ஆனால் மின்விசிறியின் ஓசையும் பேருந்தின் ஓசையும் குறைவதில்லை. விலையுயர்ந்த ஒலிவாங்கியைப் பத்தடி தள்ளி வைப்பதைவிட, மலிவானதை மோவாய்க்கு ஒரு சாண் கீழே சட்டையில் பொருத்துவது மேல். எனவே கம்பியுள்ள சட்டை மைக் இரண்டு வாங்குக. ஒன்று பழுதானால் மற்றொன்று. கம்பியில்லா மைக் வசதியானதே. ஆனால் அவற்றுள் பல, வைஃபை இயங்கும் அதே அலைவரிசையில் இயங்குபவை. தீபத் திருநாள் கூட்டத்தில், ஆயிரக்கணக்கான செல்பேசிகளுக்கு நடுவே, அவை விட்டுவிட்டு ஒலிக்கக்கூடும்.

இங்கே நம் வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பேச்சாளர் எழுந்தவுடன் மாலை, அதன்மேல் பொன்னாடை, அதன்மேல் இன்னொரு பொன்னாடை. சட்டை மைக் அதற்குள் புதைந்துபோகும். துணி உராயும் ஓசை பேச்சை விழுங்கிவிடும். மரியாதைகள் அனைத்தும் முடிந்து, மாலையைக் கழற்றிய பிறகே மைக்கைப் பொருத்துக. பெரியவர் தோளில் துண்டு போடும் பழக்கம் உள்ளவர். துண்டு படாத பக்கத்தைப் பார்த்துப் பொருத்துக. மேடையில் இதனைச் செய்ய இளைஞர்கள் கூச்சப்படக் கூடாது.

அடுத்தது பதிவுக் கருவி. ஜூம், டாஸ்கேம், சோனி போன்ற நிறுவனங்கள் உள்ளங்கை அளவில் செய்கின்றன. பேட்டரியில் இயங்குவதையே வாங்குக. மைக்செட்டுக்குரிய மின்கம்பியில் இணைத்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கூடவே வந்துவிடும். என் 1991ஆம் ஆண்டு ஒலிநாடாவில் இருப்பதும் அதுவே. சுருக்கப்படாத வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், இரு தடங்களாகப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். 32 ஜிபி அட்டை பத்துக் கூட்டங்களுக்கும் போதும். ஒலி அளவு காட்டும் கோடு உச்சியைத் தொடாமல், மைனஸ் 12 அளவைச் சுற்றி நிற்கட்டும். பெரியவர் மெல்லத் தொடங்கி, பழைய நாட்களை நினைத்தவுடன் குரலை உயர்த்துவார். உச்சியில் உடைந்த ஒலியை எந்தக் கணினியாலும் முழுமையாக ஒட்ட முடியாது. மெலிந்த ஒலியையோ பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

மைக்செட்காரரிடம் ஆம்பிளிஃபையரிலிருந்து ஓர் இணைப்புக் கேட்கலாம். அதில் வரும் ஒலி வலிமை மிகுந்தது. மைக் துளையில் நேரே செருகினால் உடையும். லைன் என்று குறித்த துளையே அதற்குரியது. அவ்விணைப்பு கிடைத்தாலும் சட்டை மைக்கைக் கைவிடாதீர்கள். இரு பதிவு இருப்பது நலம்.

ஒளிப்பதிவுக்கு இப்போதைக்கு நம்மிடமுள்ள நல்ல செல்பேசி ஒன்றும் உறுதியான முக்காலி ஒன்றும் போதும். செல்பேசியை விமானப் பயன்முறையில் வைக்காவிட்டால் நடுவில் யாரேனும் அழைப்பார்கள். பேச்சாளருக்குப் பின்னால் சன்னலோ குழல் விளக்கோ இருந்தால் முகம் கருத்துவிடும்; நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். கேமராவை அங்குமிங்கும் ஆட்டாதீர்கள். தொடக்கத்தில் ஒருவர் கைதட்டினால், அவ்வொலியை வைத்துப் படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். பிற்பாடு கேமரா வாங்க நேர்ந்தால், அது இடைநிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும் என்று கடையில் கேளுங்கள். புகைப்படக் கேமராக்களில் பல, முப்பது நிமிடத்திற்குள் தாமே நின்றுவிடும் வகையில் செய்யப்பட்டவை. ஒலிநாடாவைத் திருப்ப மறந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

கூட்ட நாளைக் குறிப்பதிலும் கவனம் தேவை. இந்நகரில் பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுதும் மக்கள் வெள்ளம். அன்று இங்கே எதனையும் பதிவு செய்ய இயலாது. காற்று வீசும் திறந்தவெளியில் மைக்குக்குப் பஞ்சுறை அவசியம். அது சில ரூபாய்தான்.

பதிவானவுடன் அன்றிரவே இரண்டு வன்தட்டுகளில் படி எடுக்க வேண்டும். ஒன்று சங்கத்தில், மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறுப்பினர் வீட்டில். நாளும் ஊரும் பேசியவர் பெயரும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். பெரியவரிடம் முன்கூட்டியே இசைவு பெறுங்கள். சாதிக் கொடுமை பற்றிச் சொல்லும்போது ஊரும் பேரும் வரும். எதனை வெளியிடலாம், எதனைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். பதிவுப் பொறுப்பை ஏற்கும் இளைஞர் இருவரின் பெயரை இன்றே செயலாளரிடம் தர வேண்டுகிறேன். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருப்பின் மகிழ்வேன், ஏனெனில் பாட்டிமார்கள் அவளிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். இரண்டாவது, பழைய ஒலிநாடாக்கள் எவர் வீட்டுப் பரணில் இருந்தாலும், பூஞ்சை பிடித்திருந்தாலும், போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். பூஞ்சை பிடித்ததை ஓடவிட்டால் நாடா அறுந்துபோகும். என்னுடையதையும் கொண்டுவருகிறேன்.